நீச்சல் தெரியாத இன்ஸ்பெக்டர்

…இது எனக்கு இல்லை, பேனரில் இருக்கிறவருக்கு, என்று மறுபடியும் நினைத்துக்கொண்டாள் ஜோவிதா, பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவுக்குள் ஜீப் திரும்பியபோது டீக்கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார், அவர் கண் அவளைத் தாண்டி மேலே, காக்கித் தொப்பியோடு சிரிக்கும் அப்பாவின் மீது இருந்தது. அறுபத்து மூன்று படங்கள், அத்தனையிலும் இன்ஸ்பெக்டர் வேஷம், ஒன்றில்கூடக் கமிஷனர் ஆகவில்லை, ஆனால் அந்தத் தொப்பிதான் அப்பா ஏசுதாசனை மூன்று முறை எம்.எல்.ஏ. ஆக்கியது, அவர் இறந்த ஐந்தாவது மாதம் இடைத்தேர்தல் என்று மகளையும் ஜீப்பில் ஏற்றி நிறுத்தியிருக்கிறது… நாவலூர் ஆபீசில் போன மாதம் வரை பத்துப் பேருக்கு மேலதிகாரி, அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது அவள் சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் செய்ததுண்டா, இங்கே வாயே திறக்கவில்லை, அதற்குள் ஆரத்தித் தட்டு, அதற்குள் நெற்றியில் குங்குமம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நெற்றி என்று யாருக்கும் நினைவில்லை, அவளுக்கும் துடைக்க மனம் வரவில்லை. "பாப்பா, கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, அப்பா மாதிரி," என்றார் பக்கத்தில் நின்ற மாவட்டச் செயலாளர் தட்சிணாமூர்த்தி, அவளை எல்.கே.ஜி.யிலிருந்து பார்த்து வருகிறவர். அப்பா மாதிரி… காலையிலிருந்து எத்தனையாவது தடவை?

இந்தத் தெருதானே அது, அந்தப் போட்டோ எடுத்த தெரு. டிசம்பர் வெள்ளத்தில் அப்பா மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கண்கள் பெரிதாகி, ஒரு கையை மேலே தூக்கியிருக்கிற போட்டோ, எல்லாப் பேப்பரிலும் வந்தது, அதற்குப் பிறகு அவர் தோற்கவே இல்லை. அந்த வாரம்தான் அவள் மகன் காலேப் பிறந்தான். தாம்பரத்தில் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, கீழே தெருவெல்லாம் தண்ணீர், அம்மா ஜபம் செய்துகொண்டே இருந்தாள், கணவன் ஆஸ்டின் பால்பவுடர் தேடிப் போயிருந்தான், அப்பா மட்டும் வரவில்லை, ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். ஐந்தாம் நாள் தொண்டை கட்டிப்போய் வந்து பேரனைத் தூக்கினபோது அவள் என்ன சொன்னாள்? "போட்டோ நல்லா வந்திருக்குப்பா." அவ்வளவுதான் சொன்னாள். அவர் சிரித்தார், குழந்தையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியுமே, கோவளம் பீச்சில் கணுக்காலுக்கு மேல் அலை வந்தால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், அவராவது மார்பளவு தண்ணீரில் நிற்பதாவது, முழங்கால் தண்ணீரில் குந்தவைத்து எடுத்திருப்பார்கள், கண்ணை அப்படி விரிப்பதெல்லாம் அறுபத்து மூன்று படத்திலும் செய்ததுதான்… இத்தனை வருடம் அப்படியே நம்பியிருந்தாள், ஒரு தடவைகூட அவரிடம் கேட்கவில்லை.

ஜீப் நின்றது. நடுத்தெருவில் ஒரு பெண் கையை நீட்டி மறித்துக்கொண்டிருந்தாள், அறுபது வயதிருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு, கையில் ஆரத்தித் தட்டு எதுவும் இல்லை. "எறங்கு கண்ணு, உன் மூஞ்சிய கிட்ட பாக்கணும்," என்றாள். தட்சிணாமூர்த்தி, "ஞானம்மா, இன்னும் பதினோரு தெரு பாக்கி கீது, வுடும்மா," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜோவிதா இறங்கிவிட்டாள், ஏன் இறங்கினாள் என்று தெரியவில்லை, கால் வலியாக இருக்கலாம். ஞானம்மாள் அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு தன் இடது முழங்கையைக் காட்டினாள். "இங்கதான் புட்ச்சுகினாரு உங்கப்பா. நகம் பதிஞ்சு ஒரு வாரம் அப்டியே இருந்துச்சி." ஜோவிதாவுக்குப் புரியவில்லை. "எப்போம்மா?" "வெள்ளத்துலதான். மொத நாளு. போட்டோக்காரன்லாம் மூணாம் நாளு வந்தான், அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி வடிஞ்சிட்ச்சி. மொத நாளு படகு எட்த்துகினு வந்து கூப்ட்டாங்க, ஒருத்தரும் வரல. வூட்ட வுட்டு வரமாட்டேன்னு எல்லாம் மாடிலயே குந்திகினு கீறாங்கோ. எங்க மாமியாரு ட்ரங்குப் பொட்டி மேல குந்திகிச்சி, செத்தாலும் எறங்க மாட்டேன்னிச்சி. அப்பதான் இவரு வந்தாரு. எட்டு பேரு இடுப்புல கயிறு கட்டிகினு, நடுவுல இவரு. வந்தவரு இன்னா சொன்னாருன்ற? 'எனக்கு நீச்சல் தெரியாதும்மா, என்ன வுட்டுடாதீங்க'ன்னாரு. ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. நான் படியாண்ட எறங்கி நின்னேன், அப்டியே என் கைய புட்ச்சுகினு, மாடிய பாத்து ஒரே சத்தம், படத்துல வுடுவாரே அதே சத்தம்… 'மூணு எண்றதுக்குள்ள எறங்கணும்!' எங்க மாமியாரு ரெண்டுலயே எறங்கிட்ச்சி." ஞானம்மாள் சிரித்தாள், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், எத்தனையோ முறை சொல்லிச் சிரித்த சிரிப்பு அது. "பதினேழு வூடு. ஒவ்வொரு வூட்டாண்டயும் ஆடிகினே மூணு எண்ணாரு. போட்டோ எடுக்க சொல்லவும் அதே ஆட்டம்தான். ஒரு உசுரு போவல இந்தத் தெருவுல."

ஜோவிதா ஏரிக்கரைத் தெருவைப் பார்த்தாள், சாதாரணத் தெரு, வாசல்களில் பைக், மாடிகளில் துணி, ஒவ்வொரு கைப்பிடிச் சுவரையும் எண்ணினாள், பதினேழு, இந்த ஒவ்வொன்றின் கீழேயும் நின்று… அந்தக் கண்கள் நடிப்பில்லை. அறுபத்து மூன்று படத்திலும் பொய்யாக விரிந்த கண்கள், இந்தத் தெருவில் மட்டும் நிஜமாக விரிந்தன, அதைத்தான் அவள் நடிப்பு என்று குத்திக்காட்டினாள், அவர் முகத்துக்கு நேரே, அவரும் சும்மா இருந்துவிட்டார். ஒரு படத்தில்கூடக் கதாநாயகன் ஆகாத மனிதர், டைரக்டர் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு குரல், கடைசியில் அது இங்கே வந்து மாடிகளிலிருந்து மனிதர்களை இறக்கியிருக்கிறது… கை கூப்பத் தோன்றியது, இந்த முறை யாரும் சொல்லாமல். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. "உங்க மாமியார்… நான் கூப்பிட்டிருந்தா இறங்கியிருப்பாங்களாம்மா?" கேட்டுவிட்டாள். தட்சிணாமூர்த்தி மைக்கை வாயிலிருந்து எடுத்தார். ஞானம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள், மரியாதைக்காக ஒரு பொய் சொல்லலாம், அது அவளுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. "தெர்ல கண்ணு," என்றாள். "ஓட்டு போட்டுர்றேன், அது வேற. இது தெர்ல."

ஜீப் மறுபடியும் கிளம்பியது, தட்சிணாமூர்த்தி மைக்கில் அப்பாவின் பேரைச் சொல்ல ஆரம்பித்தார், அடுத்த தெருவில் பட்டாசு. நாவலூர் அப்பார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் வாரத்துக்கு மூன்று நாள், மூச்சு வாங்காமல் இருபது சுற்று நீந்துவாள் அவள், தண்ணீர் அவளுக்குப் பயமே இல்லை, யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை, இடுப்பில் கயிறும் வேண்டாம்… அதுதான் இப்போது, ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றபோது, ஒரு குறை மாதிரித் தோன்றியது.