ஒரு பிடி, ரெண்டு கொதி

மூன்றாவது சாடிச் செடியில் கீழ் இலைகளைக் காணவில்லை.

கீதன் வேலைப் பையை இறக்காமலே வேலியோரம் நின்றான். மத்தியானம் இரண்டரை மணி. மகளுக்குச் சளி, தடிமன் என்று பக்கத்து நகரான அஜக்ஸில் வேலையை முந்தி முடித்துக்கொண்டு வந்திருந்தான். முயல் கடித்திருந்தால் காம்பு கந்தலாக இருக்கும். இது நகத்தால் கிள்ளியது. கீரை ஆய்ந்து பழகிய கை.

நான்கு செடிகள். வீட்டுக்கு நான்கு வளர்க்கலாம் என்ற சட்டத்தை அவன் மூன்று தடவை வாசித்திருந்தான். விதை எடுப்பித்தவள் அவன் மனைவி நிரூபா. ஸ்காபரோவில் ஏரிக்கரைக்குக் கிட்டிய இந்த வீட்டில் கோடையிலும் விடியக் குளிரும், பனிப்புகார் ஏறும். அவளுடைய நோவுக்கு உதவும் என்று யாரோ சொல்ல, குளிரும் ஈரமுமான கரையோரங்களுக்கென்றே கலந்து எடுத்த இனமாகப் பார்த்துத் தேடினாள். “மற்றதெல்லாம் பூக்க முதலே பூஞ்சணம் பிடிச்சுப்போம். இது முந்திப் பூக்கும்” என்றாள். மாசியில் விதை வந்தது. பங்குனியில் அவள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகும் விதையை ஈரக் கடதாசியில் சுற்றி முளைக்க வைத்ததற்கு அவனிடம் காரணம் இல்லை. விதைப் பக்கற்றில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தது. செய்தான். இப்போது புரட்டாதி. தினமும் காலையில் பூக்களில் தேங்கிய ஈரத்தை உதறிவிட்டு வேலைக்குப் போவான்.

மேல்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவன் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தான். மேலே வீட்டுச் சொந்தக்காரி கிளடிஸ் அன்ரி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவன் மகள், நாலு வயது நிலாணியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

“வாரும் தம்பி. பிள்ளை நல்ல நித்திரை. இலைக்கஞ்சி வச்சுக் குடுத்தனான். சளியெல்லாம் முறிஞ்சிடும்.”

“என்ன இலை அன்ரி?”

“பிறீசரில முருங்கையிலை கிடந்தது. வல்லாரை கொஞ்சம். காணாதெண்டு உம்மட செடியிலயும் ஒரு பிடி ஆய்ஞ்சனான்.”

“ஏன் அன்ரி?”

“நீர்தானே சொன்னனீர், மருந்துச் செடியெண்டு!”

சொல்லியிருந்தான். ஆனி மாதம், இது என்ன செடி என்று அவர் கேட்டபோது. கழுத்தில் செபமாலையோடு நின்ற மன்னார்ப் பெண்ணிடம் மற்றச் சொல்லைச் சொல்ல நா எழவில்லை.

“அது கஞ்சா அன்ரி.”

“ஓம், கஞ்சிதான்.”

“கஞ்சியில்லை. கஞ்சா!”

கிளடிஸ் அன்ரி கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். பிறகு அதைக் கழுவுதொட்டியில் போட்டார், சுட்டதுபோல.

நிலாணி சோபாவில் வாய் திறந்தபடி கிடந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினான். கண் பாதி திறந்து மூடியது. கன்னத்தில் தட்டினான். “ம்” என்றாள், அவ்வளவுதான். அவளுடைய மூக்கருகே காதை வைத்து மூச்சைக் கேட்டான். பங்குனிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. இப்போது உறைத்தது.

கைபேசியை எடுத்தான். எண்ணை அழுத்தவில்லை.

“சில்ரன்ஸ் எய்ட் வந்து பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள்” என்றான். தாயில்லாத பிள்ளை, பேஸ்மென்ற், முற்றத்தில் கஞ்சா. பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகள் எழுதப்போகும் வரிகள் அவனுக்கு இப்போதே தெரிந்தன.

“கொண்டுபோனால் உயிரோட கொண்டுபோவாங்கள். போனை அடியும் தம்பி.”

அடித்தான். நச்சுத் தகவல் நிலையத்தில் அழைப்பை எடுத்த தாதி நிதானமாகக் கேட்டாள்: எவ்வளவு இலை? அவன் அன்ரியைப் பார்த்தான்.

“ஒரு பிடி.”

எவ்வளவு நேரம் காய்ச்சியது?

“ரெண்டு கொதி.”

“நிமிசத்தில சொல்லுங்கோ அன்ரி!”

“ஆர் தம்பி கஞ்சிக்கு மணிக்கூடு பார்க்கிறது? அரைச்ச இலையை விட்டு, பொங்கிவர ரெண்டு தரம். பிறகு அடுப்பை நிப்பாட்டினனான். கனக்கக் கொதிச்சால் பச்சை நிறம் போயிடும்.”

ஐந்து நிமிடம் என்று சொன்னான். தாதி குறித்துக்கொண்டு சொன்னாள்: பச்சை இலை, குறைந்த நேரச் சூடு, போதை அவ்வளவாக ஏறாது, அது நல்லது. ஆனால் பிள்ளை எழும்பவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி.

காரில் அன்ரி பின்னால் பிள்ளையை அணைத்தபடி இருந்தார். காலடியில், துவாயால் சுற்றிய கஞ்சிப் பானை. “டொக்டர் பார்க்கட்டும்” என்றார். வழி முழுக்க, ஒவ்வொரு சிவப்பு லைற்றிலும், கீதன் திரும்பிப் பார்த்தான். “மூச்சு இருக்குதா?” “இருக்குது. நீர் றோட்டைப் பாரும்.”

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் விரல் நுனியில் கிளிப் மாட்டினார்கள். இரத்தம் எடுத்தபோது நிலாணி கத்தி அழுதாள். அந்தச் சத்தத்தில் கீதன் சுவரில் சாய்ந்தான். காலையில் கொடுத்த இருமல் பாணி மருந்தால் வந்த நித்திரைதான் பெரும்பாலும் என்றார் டொக்டர். இலையும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆறு மணிநேரம் வைத்துப் பார்ப்போம்.

பிறகு சமூகப் பணியாளர் வந்து, எதிரே கதிரையைப் போட்டு இருந்தாள். ஸ்டெபனி என்று கழுத்து அட்டையில் இருந்தது. அவன் பயந்திருந்தது இந்தக் கதிரைக்குத்தான்.

எத்தனை செடி? நான்கு. பூட்டு? இல்லை. யாருடையவை?

“மனைவியினுடையவை.”

அவர் எங்கே?

ஆறு மாதமாக எல்லாப் படிவங்களிலும் ‘மனைவி இறந்தவர்’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருந்தான். ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை.

கிளடிஸ் அன்ரி எழும்பினார். “ஐ குக். ஐ கிவ். ஹீ சே மெடிசின்.” நெஞ்சில் கை வைத்தார். “ஐ ஆல்சோ ட்ரிங்க். ரூ கப்.” பிறகு கீதன் பக்கம் குனிந்து, “தம்பி, எனக்கும் தலை ஒரு மாதிரிக் கிடக்குது” என்றார்.

“அது பயம் அன்ரி.”

ஸ்டெபனி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவோடு காத்திருந்தாள்.

“செத்துப்போனாள்” என்றான் ஆங்கிலத்தில். “பங்குனியில்.” தமிழ் மாதத்தைச் சொன்னது தெரிந்து, “மார்ச்” என்று திருத்தினான். ஸ்டெபனி எழுதினாள். வியாழக்கிழமை ஒருவர் வீடு பார்க்க வருவார், அதற்குள் செடிகளுக்குப் பூட்டு வேண்டும் என்றாள். பிள்ளை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டான். வரலாம் என்றாள். அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

அடுத்த நாள் காலை ஏரிப் புகார் வேலிவரை வந்திருந்தது. கீதன் செடிகளைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, பூட்டுப் போட்டான். மட்டை ஒன்றில் மார்க்கரால் எழுதத் தொடங்கினான். முதல் எழுத்துச் சின்னதாக வந்தது.

மேலே ஜன்னல் திறந்தது. நிலாணி மூக்கைத் துடைத்தபடி நின்றாள். பக்கத்தில் அன்ரி.

“பெரிசா எழுதும் தம்பி. கண்ணாடி போடாமலும் எனக்குத் தெரியவேணும்.”

தமிழில், மட்டை நிறைய, கஞ்சா என்று எழுதித் தொங்கவிட்டான். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பூக்களின் ஈரத்தை உதறினான்.