ராகு காலத்தில் ஒரு தெரு

எழுதிப் பழக்கமில்லாத நான் ஒரு தெருவின் கதையைச் சொல்லத் துணிந்ததை, படிப்பவர்கள் தயவுகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

மேற்கு மாம்பலத்தின் அந்தக் குறுகிய சந்தில் தார்மேல் தாராகப் போட்டு, வாசற்படிகளெல்லாம் பள்ளத்தில் போயிருந்தன. மேல்தாரைச் சுரண்டிவிட்டுப் பழைய சாலையின்மேலேயே ஆறங்குலக் கான்கிரீட் போட்டால் மட்டமும் ஏறாது, இருபது வருடம் தொடவும் வேண்டாம் என்று மேலதிகாரிகளிடம் மன்றாடி, இந்தத் தெருவைச் சோதனைக்குப் பெற்றிருந்தாள் பொறியாளர் ஜெயபாரதி. இது தேறினால்தான் பக்கத்து இரண்டு தெருக்களும் கிடைக்கும்.

ஞாயிறு காலை போட்ட கான்கிரீட்டை மாலை நான்கரைக்குள் குறுக்கே வெட்டுக் கோடுகள் போட்டுப் பலகை பலகையாக அறுத்துவிட வேண்டும். தவறினால் அது இறுகும்போது தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டு வெடிக்கும்.

மூன்றே முக்காலுக்கு அறுக்கும் மெஷினைக் கிளப்பும்போது ஏழாம் எண் வீட்டு ஸ்வர்ணலதா கைகூப்பிக்கொண்டு வந்தாள்.

"நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வராங்கம்மா. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள அனுப்பிடுவோம். அதுவரைக்கும் இந்தச் சத்தம் வேணாமே."

மறுப்பு ஜெயபாரதியின் தொண்டைவரை வந்தது. "பரவால்லைங்க" என்றுதான் வாய் சொன்னது.

தி. நகர் நெரிசலில் சிக்கிய மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியது நாலே முக்காலுக்கு. ராகு காலத்தில் பெண்ணைக் காட்டுவதாவது? ஆறு மணி ஆகட்டும் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவங்க சும்மாதானே குந்திகினு கீறாங்க, அறுத்துடவா மேடம்?" என்றார் மெஷின்காரர் ஷரஃபுதீன்.

ஸ்வர்ணலதா வாசலுக்கு ஓடிவந்தாள். "ராகு காலத்துல வாசல்லயே அறுப்பாங்களா? நீயும் ஒரு பொண்ணுதானேம்மா."

"கான்கிரீட்டுக்கு இன்னா தெரியும், ராகுவா கேதுவா?" என்றார் ஷரஃபுதீன்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் ஜெயபாரதி.

சொல்லிவிட்டாளே தவிர, நிற்க முடியவில்லை. சந்தின் இரு முனைக்கும் நடந்தாள், குனிந்து நகத்தால் கீறினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். வெயில் இறங்காமல் காய்ந்தது. ஐந்தரைக்குச் சாக்கடை மூடியின் மூலையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு கிளம்பியது.

"போடுங்கண்ணே." இம்முறை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மெஷின் அலறியது. கூடத்தில் பேச்சு நின்றது. பிளேடு முதல் குறுக்கு வெட்டை முடிக்குமுன் அந்தக் கோடு நான்கு வீடுகளைக் கடந்திருந்தது.

இழந்தவை இவை: இருபத்தாறு பலகைகளில் பதினொன்றை உடைத்தெடுத்தார்கள். ஏழாம் வீட்டுக்கு வந்த வரன் ஆறு மணிக்கு முன்பே எழுந்து போனது. பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் மறுபடி தார் போட்டார்கள்.