தொட்டி காணாத கம்பம்

கன்னியம்மாவுக்கு யாரையும் அண்ணா என்று கூப்பிட வாய் வராது. கூடப்பிறந்தவனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தச் சொல்லையே மூட்டை கட்டி வைத்துவிட்டாள். அதை அவிழ்க்க வைத்தவர் வேதாசலம். தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் இருந்த அவருடைய பவுடர் கோட்டிங் பட்டறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "மொதலாளின்னெல்லாம் கூப்பிடாதம்மா, அண்ணான்னே கூப்பிடு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு உருகிப்போனாள், பைத்தியக்காரி.

அவளுக்குத் தொட்டியில் வேலை. எண்ணெயும் துருவுமாக வரும் இரும்பை ஆசிட்டில் முக்கி, தண்ணீரில் அலசி, பாஸ்பேட்டில் ஊறவைத்தால் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம் வரும். அதன் பிறகுதான் கூட வேலை செய்யும் துரை அதன்மேல் பவுடர் அடித்துச் சூளையில் வேகவைப்பான். தொட்டி காணாத இரும்பும் சூளையிலிருந்து பளபளவென்றுதான் வெளியே வரும். அதன் வண்டவாளம் பிறகுதான் தெரியும்.

தொண்ணூற்றாறில் ஒரு லாரி நிறையத் தெருவிளக்குக் கம்பங்கள் வந்து இறங்கின. எந்த ஊருக்கு என்று விசாரித்தால், கேளம்பாக்கம் தாண்டி அவள் பிறந்த குப்பத்துக்கே! அவள் அம்மா இருக்கும் தெருவுக்கு முதன்முதலாக விளக்கு. கன்னியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணா, அது உப்புக் காத்து. ஒரு கம்பத்தக்கூட தொட்டில முக்காம உட்றாதீங்கண்ணா."

"உன் தெரு எனக்கு அந்நியமா? நானே நின்னு பாத்துக்கறேன். உங்க ஊர்ல அம்மன் திருவிழா வருதில்ல, நீ போய்ட்டு வா" என்று வாரம் முழுக்க லீவு கொடுத்து, ஒரு பச்சைப் புடவையையும் கையில் வைத்தார் வேதாசலம். "அண்ணன் சீர்னு வெச்சுக்கோ."

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு குப்பம் முழுக்க அவள் அலட்டிய அலட்டல் இருக்கிறதே! "எங்கண்ணன் பட்டறைக் கம்பம். எம்மவ கண்ணாலம் வரிக்கும் துரு புடிக்காது. நான் கியாரண்டி" என்று மீன் விற்கும் முத்தாலம்மாளிடம் அடித்துச் சொன்னாள்.

கம்பங்கள் நட்டு, ஒரு மழைக்காலம் போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவளைத் தெருமுனையிலேயே முத்தாலம்மாள் மடக்கினாள்.

"வாடி, கியாரண்டி! உன் கம்பம் தோலு உரிஞ்சிகினு கீது, பாத்தியா?"

கன்னியம்மா நகத்தை வைத்தாள். பச்சைப் பூச்சு பட்டை பட்டையாகக் கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறமே இல்லை. வெறும் துருதான் இருந்தது.

"இத நான் கழுவவே இல்லக்கா!"

"நம்ம ஆளுங்க போன வாரம் பட்டறைக்கே போய்க் கேட்டாங்க. உங்கண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'உங்க ஊர்ப் பொண்ணு கன்னியம்மாதான் கழுவினா, அவளையே கேளுங்க'ன்னுட்டாரு. நீ பின்னால தொட்டியாண்டதான் இருந்தியாம். உன்னக் கூப்பிடக்கூட இல்ல."

ஊர் ஏச்சுக்குப் பயந்து அம்மா குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாளாம். அப்போதும் பாருங்கள், அண்ணனுக்குத் தெரியாமல் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை அவளுக்கு. அவரிடம் காட்டலாம் என்று உரிந்த பூச்சையெல்லாம் அந்தச் சீர்ப் புடவையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

பட்டறை வாசலில் துரைதான் முதலில் அகப்பட்டான். மூட்டையைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான்.

"தொட்டில போட்டா லேட்டாவும், அப்டியே அடிடான்னாரு. நீ இருந்தா உடமாட்டன்னுதான் லீவு குடுத்து அனுப்சாருக்கா. 'அவ தெருதானே, மாட்னாலும் அண்ணன்னு நெனச்சு அவ வாயத் தொறக்க மாட்டா'ன்னு சிரிச்சாரு."

லீவு, புடவை, அண்ணன், எல்லாமே அதற்குத்தான். துரோகம் செய்தவனைவிட, இப்படி ஏமாந்து நின்ற தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே உள்ளே போய் வேதாசலத்தின் மேஜைமேல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

"உங்க சீரு. எடுத்துக்குங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சின்ன விஷயம்மா. பெயின்ட் அடிச்சுச் சரி பண்ணிடலாம். அண்ணன் சொல்றேன்ல?"

"எங்கண்ணன் கடலோட பூட்டாரு, மொதலாளி."

புடவையை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தக் கம்பங்களைத் தான் தொடவே இல்லை என்று குப்பத்தில் வீடு வீடாகச் சொல்லியாக வேண்டும். கியாரண்டி கொடுத்த வாயை இனி யார் நம்புவார்கள் என்றுதான் தெரியவில்லை.