கலைந்த படம்

மெர்வின் காரை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருப்பியதிலிருந்தே அன்னாளுக்கு மனம் ஒப்பவில்லை. ராஜபாளையத்தில் இல்லாத டாக்டரா? அவள் கணவர் சத்தியநேசன் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, பேண்டேஜ் துணித் தறிகளை அவர் தம்பி மெர்வின்தான் பார்த்துக்கொள்கிறான். "அண்ணனுக்கு ஞாபகம் போச்சு மதினி. ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா எல்லாத்துக்கும் என் கையெழுத்தே போதும்" என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்யும் உளவியலாளர் ரெனிட்டா மெர்வினைப் பார்த்துச் சிரித்தாள். சர்ச்சில் பழக்கமாம். அன்னாள் கணவரை ஒட்டியே உட்கார்ந்துகொண்டாள்.

சிக்கலான ஒரு படத்தை நீட்டி, பார்த்து வரையச் சொன்னாள் ரெனிட்டா. பெரிய கட்டம், அதற்குள் குறுக்குக் கோடுகள், வட்டம், முக்கோணம். சத்தியநேசன் மூலையிலிருந்த வட்டத்தில் தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இழுத்தார். பெரிய கட்டம் கடைசியில்தான் அவர் கண்ணில் பட்டது. படத்தை எடுத்துவிட்டு, வேறு பேச்சுக் கொடுத்து, பிறகு பார்க்காமல் வரையச் சொன்னபோது வட்டத்தை மட்டும் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லல?" என்றான் வாசலில் நின்ற மெர்வின்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு இப்படிப் படத்தக் காட்டுனா யாருக்கு வரும்?" அன்னாள் வெடித்தாள்.

ரெனிட்டா கோபப்படவில்லை. அதே மாதிரி இன்னொரு படத்தைத் தாளால் மறைத்து, அதன் பெரிய கட்டத்தை மட்டும் முதலில் காட்டினாள். அவர் வரைந்ததும் குறுக்குக் கோடுகள்; பிறகு சின்னச் சின்ன உருவங்கள். அதே அளவு இடைவெளிக்குப் பிறகு அதை அவர் ஏறக்குறைய முழுதாகவே நினைவிலிருந்து வரைந்தார்.

"ஞாபகம் போயிருச்சுன்னு நான் எழுத மாட்டேம்மா. எதை முதல்ல எடுக்கணும், எதை அடுத்து வைக்கணும்னு திட்டம் போடுறதுலதான் சாருக்கு இடறுது. தாறுமாறா உள்ள போனதைத் திரும்ப எடுக்க முடியல. ஒழுங்கா கொடுத்தா நிக்குது."

மெர்வினின் தோள்கள் தளர்ந்தன. நிம்மதியா, ஏமாற்றமா, அன்னாளுக்குப் பிடிபடவில்லை.

மறுவாரம் அவளும் கணவருடன் தறிக்கூடத்துக்குப் போனாள். அவரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள். "அண்ணன்ட்ட ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லணும்" என்று மெர்வின் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குரல் தாழ்ந்தது.

"இன்னும் என்னைய நம்பலையா மதினி?"

"நம்பல" என்றாள் அன்னாள். "ஆனா உங்க அண்ணன் உங்களத்தான் தேடுதாவ. வாங்க."