டொலோன் கணவாயைத் தாண்டாத அவசரம்

எங்கள் நாரின் ஆஸ்பத்திரித் திரையில், பதினோரு நாள் குழந்தையின் இதயம் தெளிவாகத் துடித்துக்கொண்டிருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் உட்கார்ந்திருந்த இதய நிபுணருக்கோ படம் உடைந்து வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்காமல், குழந்தையை டொலோன் கணவாய் வழியே ஆறு மணி நேரம் கொண்டுவரச் சொல்ல மாட்டேன் என்றார். டாக்டர் புருல் ஸ்கேன் கருவியைக் குழந்தையின் நெஞ்சிலிருந்து எடுக்காமலே, ஆஸ்பத்திரியின் இணைய வலையைப் பார்த்துக்கொள்ளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வலையில் ஒவ்வொரு அழைப்புக்கும் பாதையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவோம், ரயிலில் இடம் பிடிப்பது மாதிரி. கணவாய்க்கு அப்பால் உள்ள கம்பெனியின் வலையில் அந்தப் பழக்கம் கிடையாது. வரும் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் மேலும் உள்ள குறியைப் பார்த்து, எந்த வரிசையில் விடுவதென்று முடிவுசெய்வார்கள். எங்கள் ஒதுக்கீட்டை அவர்களுடைய குறியாக மாற்ற மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சோதனையில் அருமையாக ஓடியது. சோதித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழியில் ஈ காக்கை இல்லாத நேரம். அன்று பட்ட பெருமையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று சனிக்கிழமை. எதிர் மைதானத்தில், குதிரைமேல் இருந்தபடி ஆட்டுடலுக்குப் போட்டி போடும் கோக்-போரு இறுதியாட்டம். வந்தவர்களெல்லாம் குதிரைகளை போனில் பிடித்து, மாஸ்கோவில் வேலை செய்யும் சொந்தக்காரர்களுக்கு நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் போவது அதே வழியில்தான்.

அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் தமிர்பெக்கை போனில் பிடித்து, எங்கள் குறியை ஏன் மதிக்கவில்லை என்று கேட்டேன்.

"உங்க குறிய எப்படிண்ணே நம்புறது? போன வருஷம் ஒருத்தன் தங்கச்சி கல்யாண வீடியோவுக்கே அவசரம்னு குத்தி அனுப்பினான். அதுலேர்ந்து வெளியேர்ந்து வர்ற குறி எல்லாத்தயும் அழிச்சுடறோம்."

"இது பச்சக்குழந்தைடா."

மாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை, மேலாளர் மீன்பிடிக்க இஸிக்-குல் ஏரிக்குப் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அழித்துத்தான் இருப்பேன். அதுதான் தாங்கவில்லை.

நடைவழிக்கு வந்தேன். குழந்தையின் அப்பன் ஏசென் ஜன்னலில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மறுமுனையில் மாஸ்கோவிலிருந்து அவன் அண்ணன்.

"குழந்தையப் பத்திக் கேட்டான். சொல்ல வாயே வரலண்ணே. அதான் ஆட்டத்தக் காட்டிட்டிருக்கேன்."

இந்த நேரலைகளெல்லாம் அதே வழியை அடைப்பதால்தான் பிஷ்கெக் டாக்டருக்குப் படம் போகவில்லை என்றேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழைப்பை வெட்டினான்.

"இப்பப் படம் தெரியுதா அந்த டாக்டருக்கு?"

நான் உள்ளே போனேன்; புருல் அதையே பிஷ்கெக்கிடம் கேட்டார். இல்லை என்றார்கள்.

நான் திரும்பி வந்தபோது ஏசென் அணைத்த போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றிருந்தான். கீழே புழுதிக்கு மேலே, மைதானத்தைச் சுற்றிலும், தூக்கிப் பிடித்த போன்கள் வெயிலில் மினுங்கின. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்தப் போன்களை எண்ணிக்கொண்டிருந்தான்.