உப்புச் சர்க்கரைக்கு முன்னால் ஒரு பட்டாள வழக்கு

மகள் பொன்னாத்தாளுக்கு வந்த இரண்டு வரன்களையும் கெடுத்தது பர்மாச் சண்டைதான் என்று வள்ளியாத்தாள் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். சண்டை முடிந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. பட்டாளத்தில் சேர்ந்து அதில் நின்ற அவள் புருஷன் அர்த்தநாரி மட்டும் அதை இன்னும் முடித்தபாடில்லை. முதல் வரனில் மாப்பிள்ளையின் சித்தப்பா, பட்டாளத்தில் சும்மா தின்றுவிட்டுத் தூங்குவார்களாமே என்று வாயைக் கொடுத்தார். காபி ஆறுவதற்குள் அந்தப் பேச்சு முறிந்தது. இரண்டாவதில், ஆற்றுக்குப் பாலம் கட்டிய கதையை இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் தாத்தா கண்ணயர்ந்துவிட்டார். இவர் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினார். அப்புறம் அந்தப் பக்கமிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை.

மூன்றாவது வரனை வள்ளியாத்தாளின் அண்ணன் கருப்புசாமி கொண்டுவந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் காளிச்சாமியின் மகன் குருசாமி. தங்கமான பையன், தோட்டம் துரவு உண்டு.

"அவுங்கப்பனும் பட்டாளத்துக்காரருதான் அம்மிணி. ஒருத்தர ஒருத்தரு புரிஞ்சுக்குவாங்க" என்றார் அண்ணன். புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் செய்கிற தப்பு எப்போதும் பெரிய தப்பாகத்தான் இருக்கும்.

தை மாசத்து வெள்ளிக்கிழமை. வேலந்தாவளத்துக்கு வடக்கே வள்ளியாத்தாளின் தோட்டத்து வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்து, தட்டத்தில் உப்பும் சர்க்கரையும் வைத்தாயிற்று. இரண்டு வீட்டாரும் அதை மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதற்கப்புறம் முறிக்கிறவனை ஊர் சும்மா விடாது. மாற்றுகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அதனால்தான் வள்ளியாத்தாள் விடியற்காலையிலேயே புருஷனிடம் வாக்கு வாங்கிவைத்திருந்தாள், பர்மா என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது என்று.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆரம்பித்தது காளிச்சாமி.

"கெணத்துல எஞ்சின் ஓடலீங்களா?"

"டீசல் விக்கற வெலையில எப்படீங்க ஓட்டறது?"

"அதச் சொல்லுங்க. எங்கியோ அரபு நாட்டுல சண்டை, இங்க நம்ம வாழைக்குத் தண்ணியில்லை. நடுவுல சம்பாரிக்கறது எண்ணெய்க் கம்பெனி. எல்லாச் சண்டையும் அவனுகளுக்குத்தானுங்க நடக்குது."

புருஷனின் மீசை துடிப்பதை வள்ளியாத்தாள் கதவிடுக்கிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"எல்லாச் சண்டையும்னு சொல்லாதீங்க" என்றார் அர்த்தநாரி. "சப்பான்காரன் இம்பால் வரைக்கும் வந்துட்டான். உட்டிருந்தா பாலக்காட்டுக்கே வந்திருப்பான். நாங்க நின்னது நாட்டுக்குங்க."

"வந்திருந்தா யாரு சொத்துப் போயிருக்கும்? தேயிலை, ரப்பரு, எண்ணெய். அத்தனையும் வெள்ளைக்காரக் கம்பெனிதுங்க. நா பாரசீகத்துல ரெண்டு வருசம் காவல் நின்னனுங்க. எதிரிய ஒரு நாளும் பாக்கலை. எண்ணெய்க் கொழாயத்தான் பாத்தேன்."

"கொழாயக் காத்தவருக்குக் கொழாய்தானுங்க தெரியும். அன்னிக்குப் பங்களாதேசத்துக்குப் போன நம்ம பசங்க எந்தக் கம்பெனிக்குப் போனாங்க?"

"பசங்கள நாஞ் சொல்லலீங்க. துப்பாக்கி வித்தவனச் சொல்றேன். அவனுக்கு எந்தச் சண்டையிலயும் நட்டமில்லை."

"மாப்ளே, நல்ல நேரம் போகுது" என்றார் கருப்புசாமி, அர்த்தநாரியிடம். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? இரண்டு கிழங்களும் முட்டி போட்டு உட்கார்ந்து, பாயின் மேல் விரலால் நதி வரைந்து, குழாய் வரைந்து, குரலை உயர்த்திக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளைப் பையன் பாவம், பாக்கை வாயில் போட்டு மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் கம்பெனிக்குத்தானுங்க" என்று காளிச்சாமி மறுபடி சொன்னதும் அர்த்தநாரி எழுந்தே விட்டார்.

"அப்ப கபிரியேலு எந்தக் கம்பெனிக்குச் செத்தான்? என்ன மசுருக்குங்க செத்தான்?"

மாப்பிள்ளையின் அம்மா கருப்பாத்தாள் மெதுவாக எழுந்தாள். உப்புச் சர்க்கரை காத்திருக்கும்போது சாவுப் பேச்சை எடுத்த வீட்டில் எவள் சம்பந்தம் வைப்பாள்? அவள் மகனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்கள்.

வள்ளியாத்தாளுக்குப் புருஷன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பொன்னாத்தாள் புதுச் சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதும் போனால் இனி இந்த வீட்டுப் படி எவன் ஏறுவான்? வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

பஸ் நிற்கும் புளியமரத்தடியில் அவர்களைப் பிடித்துவிட்டாள். கருப்பாத்தாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வள்ளியாத்தாள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் காளிச்சாமி கேட்டார்.

"கபிரியேலுங்கறது யாருங்க?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "அட்டை கடிச்சத, காச்சல்ல கெடந்தத, பாலம் கட்டுனத எல்லாம் ஆயிரந்தடவ சொல்லியிருக்கறாருங்க. அந்தப் பேர இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. காளிச்சாமி கையில் இருந்த பையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். "ஏனுங்க, பஸ்ஸு" என்ற கருப்பாத்தாளுக்கு, "அடுத்தது வரும்" என்று மட்டும் சொன்னார்.

அர்த்தநாரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். காளிச்சாமி அவர் பக்கத்தில், அதே பாயில் போய் உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க, கபிரியேலுக்கு?"

"வண்டிப்பெரியாறு." அர்த்தநாரி நிமிரவில்லை. "தேயிலைத் தோட்டத்துப் பையன். எங்கூடத்தான் பாலத்துல நின்னான். குண்டு உளுந்தப்ப நா ஆத்துக்கு இக்கட்ட இருந்தேன், அவன் அக்கட்ட இருந்தான். பாலத்த எப்படியோ முடிச்சோமுங்க. மறுநாளு மொதல்ல போன லாரியில என்ன இருந்துச்சு தெரியுமுங்களா? எண்ணெய்க் கெணறு தோண்டற சாமான். பட்டாளத்துச் சாமான் அதுக்குப் பொறவுதான் போச்சு. என்ற கண்ணால பாத்தேன். பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாசலில் நின்ற வள்ளியாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் நாட்டுக்கு, நாட்டுக்கு என்று அவர் ஊரோடு மல்லுக்கு நின்றதெல்லாம் இந்த ஒருத்தன் சாவு வீணாகிவிடக் கூடாதே என்றுதான். வழக்கில் ஜெயித்தது காளிச்சாமி. அவர் அதைக் கொண்டாடவில்லை.

"அனுப்புனவன் எதுக்கு அனுப்புனானோ, அது அவங்கணக்குங்க" என்றார் காளிச்சாமி. "பையன் அந்தக் கணக்குக்கு நிக்கலை. நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னு நின்னான். சண்டை நல்ல சண்டையா இருந்தாத்தான் அவன நெனச்சு அழலாம்னு இருக்குதுங்களா?"

அர்த்தநாரி அழுதார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் வள்ளியாத்தாள் அதைப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் வரவில்லை, பெரிய சுமையை யாரோ கை கொடுத்து இறக்கியது போல் இருந்தது.

கருப்பாத்தாளும் மகனும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் தட்டத்தைப் பார்த்துத் தயங்கினாள். "மனசு ஒப்பலீங்க. சாவுப் பேச்சு உளுந்த தட்டமுங்க."

வள்ளியாத்தாள் யோசிக்கவே இல்லை. விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து தட்டத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"எந்த நல்ல காரியத்துக்கும் போய்ச் சேந்தவங்களக் கும்பிட்டுட்டுத்தானுங்க ஆரம்பிக்கறோம். நம்மூட்டு ஆளாக் கும்பிட்டுக்கலாமுங்க அவர. அப்பறம் எப்படி அது சாவுப் பேச்சாகும்?"

கருப்பாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வந்து பாயில் உட்கார்ந்து, "கும்பிடுங்க சம்பந்தி" என்றாள் அர்த்தநாரியிடம்.

அவர் கையைக் கூப்பினார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையனை எப்படிக் கும்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

"கபிரியேலு" என்றார் கடைசியில். "என்ற மகளுக்குக் கல்யாணம்டா. கூட இருந்து நடத்திக் குடு."

காளிச்சாமி உப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.