நாற்பத்தேழாவது ஜன்னல்

துறைமுகப் பகுதியின் பழைய கட்டடங்களில், கடலில் ஓர் ஆள் சாகும் நாளன்று ஒரு ஜன்னல் கூடும். காலையில் சுவர் விரிசல் விடும், மதியத்துக்குள் மரச்சட்டம் பிதுங்கி வரும், பொழுது சாயும்போது கதவு தானாகத் திறக்கும். அதோடு ஆள் முடிந்தான். ஆளின் உயரம்தான் ஜன்னலின் உயரம். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து, அந்தக் காலத்திலேயே எவ்வளவு காற்றோட்டமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். இந்த ஜன்னல்களை எண்ணிப் பதிவதற்கென்றே நகராட்சியில் ஒருத்தி வேலையில் இருந்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட அவள் கணக்கு பிசகியதில்லை. கலங்கரை விளக்கத் தீவுக்குத் தனியாகப் படகோட்டிப் போன கணவன் மூன்று நாளாகத் திரும்பவில்லை என்றான பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவளால் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்ட முடியவில்லை. கொத்து வேலை செய்யும் நாத்தனார்தான் கரணையும் அரை மூட்டை சிமெண்டுமாகக் கூடவே கிளம்பினாள்.

பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் தெருத் தெருவாக நடந்தார்கள். மணிக்கூண்டில் இருபத்திரண்டு, சரியாக இருந்தது. வளைவுத் தூண்கள் வைத்த பண்டகசாலையில் நூற்றுப்பதினெட்டு. பாதியில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பழைய நீதிமன்றத்தின் பின்சுவரில் ஒரு விரிசலைக் கண்டதும் அவள் பதிவேட்டை மூடிவிட்டாள். நாத்தனார் விரலால் சுரண்டிப் பார்த்து, வெறும் அரசங்கன்றின் வேர் என்றாள். மதியம் தாண்டியும் யாரும் சாப்பிடவில்லை. நாலரை மணிக்குச் சுங்க மாளிகைக்கு வந்தார்கள். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருந்தது.

பக்கவாட்டுச் சந்தில், தரையை ஒட்டி, பச்சைச் சாயம் ஈரம் காயாமல் நின்றது அந்த ஜன்னல். அவள் நாடாவை வைத்து அளந்தாள். ஐந்தடி மூன்று அங்குலம். குள்ளமான ஆட்கள் ஊரில் எத்தனையோ பேர் என்று சொல்ல வாயெடுத்தபோது, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ தும்மினார்கள். ஒன்று, இரண்டு, சற்று இடைவெளி விட்டு மூன்று. அவள் கணவன் தும்முவது அப்படித்தான்.

"அண்ணி, நான் சாந்து குழைக்கிறேன். நீங்க அந்த இடிஞ்ச சுவத்துலேர்ந்து செங்கல் எடுத்துக் குடுங்க."

"இதுவரைக்கும் யாரும் மூடினதில்லடி. மூடினா என்ன ஆகும்னு தெரியாதே!"

"தொறந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

காவலாளி ஓடி வந்தான். பழைய கட்டடத்தில் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்றான். பிறகு நாடாவைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், தனக்கு மாலையில் கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். கடைசி வரிசை வைக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து கதவு தள்ளியது. ஈரச் சுவர் வயிறு போலப் புடைத்தது, இடுக்குகளில் உப்புத் தண்ணீர் கசிந்தது. இரண்டு பெண்களும் முதுகைக் கொடுத்து, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். முழுதாக இருட்டிய பிறகு தள்ளல் நின்றது.

வியாழக்கிழமை கணவன் வந்து சேர்ந்தான். உதடு வெடித்திருந்தது, மற்றபடி குறையில்லை. மறுநாள் படகைப் பார்க்கக் கரைக்குப் போனவன் மணலில் அப்படியே நின்றுவிட்டான். "இங்க யாரு சுவர் கட்டினது?" என்று கேட்டான். கடல் இருந்த இடமெல்லாம் அவன் கண்ணுக்குச் செங்கல்லாகத் தெரிந்தது. கையை நீட்டினால் தட்டவும் செய்தது. அந்தப் பக்கம் யாரோ நடக்கிறார்கள் என்று அவன் காதை வைத்துக் கேட்டபோது, அவள் பயத்தில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பல மாதங்கள் அவனைக் கரைக்குப் போகும் தெற்குத் தெருப் பக்கமே விடவில்லை. பிறகு அவன் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் கரைக்குப் போய், அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்து, சட்டையைக் கழற்றி மாட்டினான். அலைக்கு மேலே அந்தரத்தில் சட்டை தொங்கியது. அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி ஈரப் போர்வையோடு வந்து, இன்னும் நாலு ஆணி அடித்துத் தர முடியுமா என்று கேட்டாள்.